காளான் பூத்த புரட்டாசி

கொட்டகை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று கொட்டகையை நடத்தும் மேடம் கேட்டார். கூட்டத்துக்கு முன்னால் எழுந்து நின்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன், யாராவது படித்துவிடுங்கள் என்றேன். அவர் ஒத்துக்கொண்டார். மரச் சில்லு எவ்வளவு ஈரமாக இருக்க வேண்டும், எவ்வளவு நேரம் அவிக்க வேண்டும், காளான் விதையை எப்படிக் கலக்க வேண்டும் என்பதையெல்லாம் அங்கே உங்களுக்குச் செய்து காட்டுவார்கள். செய்து காட்ட முடியாத சில விஷயங்களை மட்டும் நான் எழுதுகிறேன்.

நான் பத்தாவது வரை படித்தவன். சொந்த ஊர் விஜயபுரம் பக்கம். கல்யாணத்துக்குப் பிறகு கங்காதர நெல்லூரில் குடியேறி, சித்தூரில் மரம் அறுக்கும் மில் ஒன்றில் பல வருஷம் வேலை பார்த்தேன். மில்லில் பூசணம் என்றால் எங்களுக்கு ஆகவே ஆகாது. வெள்ளை படர்ந்த கட்டையை வாங்க வருகிறவர் கண்ணில் படாமல் பின்பக்கம் தள்ளிவிடுவோம். மழைக்காலம் வந்தால் பலகைகளுக்கு நடுவே குச்சி வைத்துக் காற்று போக அடுக்குவோம். மரம் மக்காமல் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பாக இருந்தது. அப்படிப்பட்ட என்னைக் கூப்பிட்டு, மரத்தில் பூசணம் வளர்க்கச் சம்பளம் தருகிறோம் என்று ஒருவர் சொன்னபோது, முதலில் கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அப்போது மில்லின் முதலாளி இடத்தை விற்றுவிட்டார். என் வயதில் இன்னொரு மில்லில் யாரும் சேர்க்கவில்லை. பெங்களூரில் அடுக்குமாடி வீடுகளுக்குக் காவலாள் அனுப்பும் இடத்தில் என் மச்சான் மேஸ்திரி மாதிரி இருந்தார். ஓர் இடம் காலியாக இருக்கிறது, வந்துவிடு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மகள் சித்தூரில் ஜூனியர் காலேஜில் இண்டர் படித்துக்கொண்டிருந்தாள். குடும்பத்தை விட்டுவிட்டு, எங்கோ ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அறையில் நான் மட்டும் தனியாகப் போய்க் கிடக்க வேண்டும். எனக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று அவரிடம் சொல்லவும் தைரியம் வரவில்லை. அந்த நேரத்தில்தான் இந்தக் கொட்டகை வேலை வந்தது.

சித்தூரிலிருந்து திருப்பதி போகிற சாலையில், ஒரு டிரஸ்ட் நடத்தும் பெண்கள் விடுதியில் இருந்தது அந்தக் கொட்டகை. விடுதிச் சமையல் முழுக்க கோபர் கேஸில், அதாவது கழிவைத் தொட்டியில் மக்க வைத்து எடுக்கும் எரிவாயுவில், நடந்துகொண்டிருந்தது. மாங்காய் சீசனில் கூழ் எடுக்கும் தொழிற்சாலைகளிலிருந்து தோலும் கொட்டையும் டிராக்டரில் வரும். தொட்டி வயிறு நிறையத் தின்னும். அடுப்பு கொழுந்துவிட்டு எரியும். சீசன் முடிந்தால் டிராக்டர் வராது. தொட்டி பட்டினி கிடக்கும். மறுபடி சிலிண்டர் வாங்குவார்கள். அதே சமயத்தில் சுற்றிலும் இருக்கும் மாந்தோப்புகளில் கவாத்து நடக்கும். வெட்டிய கிளைகளை அங்கேயே போட்டுக் கொளுத்துவார்கள். திருப்பதியில் ஒரு கல்லூரியில் வேலை பார்த்த மேடம் அதைப் பார்த்துவிட்டு, கொளுத்துகிற கிளையிலிருந்தே கேஸ் எடுக்கலாம், பூசணத்தை விட்டு முதலில் அதைப் பதப்படுத்தினால் போதும் என்று டிரஸ்டிடம் சொல்லியிருக்கிறார்.

டிரஸ்ட் ஒரு வருஷம் அவகாசம் கொடுத்தது. சிலிண்டர் இல்லாமல் அடுத்த மாங்காய் வரை சமையலறை நடந்தால் கொட்டகை இருக்கும். நடக்காவிட்டால் மூடிவிடுவார்கள். எனக்கு அதன் அர்த்தம் ரொம்பச் சுலபம். கொட்டகை இருந்தால் நான் வீட்டில் இருப்பேன். மூடினால் பெங்களூர்.

என்னோடு வேலை பார்த்தவர் முனியம்மா. அவரும் எங்கள் ஊர்ப் பக்கம்தான், அதனால் என்னை அண்ணா என்பார். சீசனில் மட்டும் கூழ் தொழிற்சாலையில் வேலை, மற்ற மாதங்களில் கிடைத்தால் கூலி என்று இருந்தவர். வருஷம் முழுக்கப் போய்வர ஒரு வேலை என்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. நான் பேசாத பேச்சையும் சேர்த்து அவரே பேசிவிடுவார். மேடம் என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். தமிழை முனியம்மாவிடம்தான் கற்றுக்கொண்டார். அதனால் பெரிய படிப்புப் படித்த அந்த அம்மா, ‘வந்துகினு’, ‘போயிகினு’ என்று பேசுவதைக் கேட்டால் எங்களுக்குச் சிரிப்பு வரும். அவருக்குக் கோபம் வராது.

சேர்ந்த புதிதில் எனக்குள் ஒரு கெட்டிக்காரத்தனம் வேலை செய்தது. மரம் மக்க வேண்டும், அவ்வளவுதானே? அதற்கு எதற்கு அவிப்பது, விதை போடுவது, பையில் கட்டுவது என்று தோன்றியது. பழைய மில்லின் பின்பக்கம், வருஷக்கணக்காகக் கிடந்து தானாகவே மக்கிப்போன கட்டைகள் இருந்தன. ஒரு டிராக்டர் நிறைய ஏற்றிக்கொண்டுபோய்க் கொட்டகை வாசலில் இறக்கினேன். எல்லாரும் வந்து பார்த்தார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமை.

மேடம் சிரிக்கவில்லை. நான் கொண்டுவந்ததில் ஒரு துண்டை என் இடது கையில் வைத்தார். கொட்டகைப் பையிலிருந்து ஒரு சில்லை எடுத்து வலது கையில் வைத்தார். இரண்டையும் அழுத்தச் சொன்னார். இடது கையில் இருந்தது காவி நிறத்தில் மூக்குப்பொடி மாதிரி உதிர்ந்தது. வலது கையில் இருந்தது வெளுத்துப்போய், பழைய கயிற்றைப் பிரித்த மாதிரி நார் நாராக வந்தது. மரத்தில் நார் இருக்கிறது, அந்த நாரை இறுக்கிப் பிடித்திருக்கும் பசை ஒன்றும் இருக்கிறது என்று அவர் விளக்கினார். தொட்டிக்குள் இருக்கும் நுண்ணுயிர்களுக்கு நார்தான் சாப்பாடு. பசை இருக்கும்வரை அவற்றால் நாரைத் தொட முடியாது. நாம் வளர்க்கும் வெள்ளைப் பூசணம் பெரும்பாலும் பசையைத் தின்று நாரை நமக்கு விட்டு வைக்கும். என் கட்டைகளில் வந்திருந்தது வேறு ஜாதிப் பூசணம். அது நாரைத் தின்றுவிட்டுப் பசையை விட்டு வைத்திருந்தது.

மரத்தோடு இத்தனை வருஷம் இருந்த எனக்கு, மக்குவதில் இத்தனை வகை இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது அது இல்லை. அந்த டிராக்டர் லோடைத் திருப்பி அனுப்பினால் எனக்கு எவ்வளவு தலைகுனிவாக இருக்கும் என்று மேடம் யோசித்திருக்கிறார். விடுதியின் மாங்கன்றுகளைச் சுற்றி மண் காயாமல் மூடாக்குப் போட இது அருமையாக இருக்கும், நல்ல வேளை கொண்டுவந்தீர்கள் என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு உள்ளே போனார். தவறைத் திருத்துவது ஒரு வேலை. தவறு செய்தவனை மறுநாளும் நிமிர்ந்த தலையோடு வேலைக்கு வர வைப்பது இன்னொரு வேலை. இரண்டாவதைச் செய்யத் தெரிந்தவர்களிடம் நான் வேலை பார்த்தேன். அது என் அதிர்ஷ்டம்.

இனி புரட்டாசிக்கு வருகிறேன்.

சீசன் முடிந்து, மரத்தை நம்பித் தொட்டி ஓடத் தொடங்கியிருந்த நேரம். பைகளில் வெள்ளை நன்றாகப் படர்ந்திருந்தது. அப்போது நல்ல மழை. ஒரு நாள் காலையில் சில பைகளின் ஓட்டைகளில் குண்டூசித் தலை மாதிரி மொட்டுகள் தெரிந்தன. அடுத்தடுத்த நாளில் அவை விரிந்து, சிப்பி சிப்பியாகக் காளான் நின்றது. பார்க்க அவ்வளவு அழகு. பூசணம் நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும் என்று நினைத்தோம்.

எங்கள் பக்கத்தில் புரட்டாசி என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யார் வீட்டிலும் கவிச்சி கிடையாது. முனியம்மா ஒரு முந்தானை நிறையப் பறித்துக்கொண்டு போய் மிளகு போட்டு வறுத்திருக்கிறார். மறுநாள் வரும்போதே பேசிக்கொண்டு வந்தார். “கறி இல்லாம மொகத்தைத் தூக்கி வச்சிகினு இருந்தாரு எங்க வூட்டுக்காரு. நேத்து சட்டியையே வழிச்சித் துன்னுட்டு, நாளைக்கும் கொண்டாடின்னு சொல்றாரு.”

விடுதியின் சமையல்காரர் ராஜம்மா புத்தூர்க்காரர். அவர் காதுக்கு இது போனது. பிள்ளைகள் கத்திரிக்காயைப் பார்த்தாலே எழுந்து போகிறார்கள், எனக்கும் கொஞ்சம் கொடு என்று வந்து நின்றார். சனிக்கிழமை காளான் குருமா போட்டார். பிள்ளைகள் மறுபடி மறுபடி வந்து வாங்கினார்களாம். விடுதியின் செயலாளர், டிரஸ்டில் எங்களுக்காக வாதாடி இந்தக் கொட்டகையைக் கொண்டுவந்தவர், அவருக்கும் சந்தோஷம். காளானும் கிடைக்கிறது, பிறகு அதே மரத்திலிருந்து கேஸும் கிடைக்கும் என்றால் ஏன் விட வேண்டும் என்று கேட்டார். மேடமும் சரி என்றார். வைக்கோலில் காளான் எடுத்துவிட்டு மிச்சத்தைக் கேஸுக்குப் போடலாம் என்று அவர் படித்திருந்தார். மரத்திலும் அப்படி ஆகுமா பார்ப்போமே என்றார். அதனால் தொட்டிக்குப் போக வேண்டிய பைகளையெல்லாம் நிறுத்தி வைத்து, பூப்பதற்காகக் காத்திருந்தோம்.

காலை வெயில் கொட்டகைக்குள் சாய்வாக விழும்போது, விரிந்த காளான்களிலிருந்து வெண்மையாக ஒரு தூள் எழும்பி மிதக்கும். சாம்பிராணிப் புகை மாதிரி இருக்கும். நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். என் நெஞ்சில் இறங்கியது அந்தத் தூள்தான். இருமல் தொடங்கியது அந்த மாதத்தில்தான். பிற்பாடு டாக்டர் சொல்லி வேலையை விட வேண்டி வந்ததும் அதனால்தான். இதைச் சொல்லி உங்களைப் பயமுறுத்த விரும்பவில்லை. மேடம் முகமூடி கொடுத்தால், யாராவது பார்க்க வருகிறபோது மட்டும் என்றில்லாமல் எப்போதும் மாட்டிக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

காளான் எடுத்து முடித்த பைகளைத் தொட்டிக்குள் போட ஆரம்பித்தோம். தூக்கும்போது தெர்மகோல் மாதிரி லேசாக இருந்தன. வேலை சுலபமாக இருக்கிறது என்று முனியம்மா சொன்னார். கொஞ்ச நாளில் ராஜம்மா கரண்டியும் கையுமாக வந்து நின்றார்.

“உங்க அடுப்பு எரியல. கொட்டாவி வுடுது.”

போய்ப் பார்த்தேன். நீல நிறத்தில் ஒரு வளையம், ஊதினால் அணைந்துவிடும் போல இருந்தது. தொட்டியின் மேல் மிதந்தபடி, கேஸ் சேரச் சேர எழும் இரும்புக் கூண்டு தாழ்ந்து கிடந்தது. இன்னும் நிறையப் பைகளைக் கொட்டினோம். கூண்டு எழவில்லை. பூத்த காளான் வெறும் காற்றிலிருந்து வருவதில்லை, நாரைத் தின்றுதான் வருகிறது என்பது எங்கள் புத்திக்கு எட்ட அத்தனை நாள் ஆனது. எங்கள் தொட்டிக்குப் போக வேண்டிய சாப்பாட்டைத்தான் குருமா வைத்துச் சாப்பிட்டிருந்தோம்.

எல்லாம் ஒரே நேரத்தில் வந்தது. மேடத்தின் அப்பாவைத் திருப்பதியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மேடத்தால் கொட்டகைக்கு வர முடியவில்லை. டிரஸ்டுக்காரர்கள் திங்கட்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ராஜம்மா கொல்லைப்புறத்தில் விறகு மூட்டி இட்லி வைத்துக்கொண்டிருந்தார். வீட்டில் என் மனைவி என் பழைய பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருந்தாள்.

சனிக்கிழமை மதியம் செயலாளர் ஓர் ஆட்டோவில் வந்தார். பின்னால் இரண்டு பெரிய டிரம். திருப்பதிக்கு நடந்து போகிறவர்களுக்குச் சாலையோரம் ஒரு சத்திரத்தில் அன்னதானம் நடந்திருக்கிறது. அதில் மிஞ்சிய புளியோதரையும் சர்க்கரைப் பொங்கலும். தொட்டியில் கொட்டினால் ஒன்றிரண்டு நாளில் கேஸ் பொங்கிவிடும், திங்கட்கிழமை அடுப்பு நன்றாக எரிந்தால் போதும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

அவர் சொன்னதில் தப்பு இல்லை. சோறு சீக்கிரம் கேஸ் தரும். ஆனால் சமைத்த சாப்பாட்டைத் தொட்டிக்கு ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொள்ளத்தான் கொடுக்க வேண்டும், அள்ளிப் போட்டால் தொட்டி புளித்துப்போய்ச் செத்துவிடும், மறுபடி உயிர் வர மாதக்கணக்கில் ஆகும் என்று மேடம் முதல் நாளே சொல்லியிருந்தார். அன்று காலையில் நான் தொட்டியிலிருந்து வெளியே வரும் கரைசலில், புளிப்பு ஏறினால் சிவக்கும் தாளை நனைத்துப் பார்த்திருந்தேன். கொஞ்சம் சிவப்புப் பக்கம் திரும்பியிருந்தது. ஏற்கெனவே தொட்டிக்கு உடம்பு சரியில்லை. மேடத்துக்குப் போன் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

செயலாளரிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டும். எதிரே போய் நின்றேன். வாய் திறந்தது, வார்த்தை வரவில்லை. ஆட்டோக்காரர் முதல் டிரம்மை இறக்கிவிட்டார். எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. தொட்டிக்குச் சரக்கு போடும் வாயின் இரும்பு மூடியை இழுத்து மூடினேன். அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

“ஏமய்யா, லேவய்யா,” என்றார் செயலாளர். எழுந்திரு என்று தெலுங்கில். நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெயிலில் காய்ந்த மூடி சுட்டது. அவர் முதலில் சிரித்தார். பிறகு கொஞ்சம் கோபமாக, இதை எனக்காகவா செய்கிறேன், மூடினால் வேலை போகப்போவது எனக்கா உனக்கா என்று கேட்டார். அதுவும் உண்மைதான். கெட்ட எண்ணத்தோடு வருகிறவரை மறுப்பது சுலபம் என்று நினைக்கிறேன். நமக்கு நல்லது செய்ய வருகிறவரை மறுப்பதுதான் கஷ்டம்.

முனியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து என் எதிரில் நின்றார். “இன்னாண்ணா இது, அடைக்கோழி மாதிரி குந்திகினு கீற? மூடிட்டாங்கன்னா நீ பெங்களூரு போயி யாருக்காச்சும் கேட்டைத் தொறந்து வுடுவ. நான் எங்க போவேன், சொல்லு.”

அவருக்கு என்னால் பதில் சொல்ல முடிந்தது. அவர் எங்கள் ஊர்க்காரர் என்பதால் இருக்கலாம்.

“போன வருசம் உன் மாடு கல்யாணப் பந்தல்ல பூந்து சோத்தைத் துன்னுச்சே. இன்னா ஆச்சி?”

அந்த மாடு வயிறு ஊதி, கால் மடங்கி விழுந்தது. வைத்தியர் வருவதற்குள் போய்விட்டது. முனியம்மா அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

“இதுக்குள்ள இருக்கறதும் மாட்டு வயித்துல இருக்கற பூச்சிதான்னு மேடம் சொன்னாங்க இல்ல,” என்றேன்.

அவர் டிரம்மைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். செயலாளரையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தார்.

“தள்ளிக் குந்துண்ணா. எனுக்கும் எடம் வுடு.”

அந்த மூடியில் இரண்டு பேர் உட்காரச் சரியாக இடம் கிடையாது. எப்படியோ உட்கார்ந்தோம். செயலாளர் எங்களை ஒரு தடவை பார்த்தார். பிறகு சாலைப் பக்கம் நடந்து போய்விட்டார். டிரம்மை என்ன செய்வது என்று ஆட்டோக்காரர் எங்களைக் கேட்டார். மாந்தோப்பில் எரு போடும் குழியைக் காட்டினோம். செயலாளர் மனதை நோகடித்துவிட்டோமே என்றுதான் வீடு போகும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவசரத்தில் உடனே பலன் தரும் ஒன்றை யாராவது நீட்டினால், அதற்கு மறுநாள் என்ன ஆகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இது ஒன்று. இன்னொன்று, உங்களில் என்னைப் போல் வாய் வராதவர்களுக்கு. நன்றாகப் பேசத் தெரிந்தால்தான் ஒன்றை மறுக்க முடியும் என்பதில்லை. உட்காரத் தெரிந்தாலும் போதும். ஆனால் பக்கத்தில் வந்து உட்கார ஓர் ஆள் வேண்டும். அன்று முனியம்மா உட்கார்ந்திராவிட்டால், செயலாளர் இன்னொரு தடவை கேட்டிருந்தால், நான் எழுந்திருப்பேன்.

திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் மேடம் வந்து இறங்கினார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தார். துப்பட்டா கசங்கியிருந்தது. அப்பா பரவாயில்லை என்றார். சனிக்கிழமை நடந்ததைத் திக்கித் திணறிச் சொன்னேன். அவர் தாளை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் நனைத்துப் பார்த்தார். வெயிலில் பிடித்து இன்னொரு தடவை பார்த்தார். “பொழைச்சிக்கும்ணா,” என்றார்.

டிரஸ்டிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். சமையலறையில் அந்தக் கொட்டாவி அடுப்பைப் பார்த்தார்கள். கொல்லையில் விறகுப் புகையையும் பார்த்தார்கள். மேடம் அவர்களைக் கொட்டகைக்குள் அழைத்து வந்து, காளான் எடுத்த பை ஒன்றையும், வெள்ளை படர்ந்து இன்னும் மொட்டு விடாத பை ஒன்றையும் தூக்கிப் பார்க்கச் சொன்னார். காளான் எடுத்த பை ஒரு கையிலேயே எழும்பியது, மற்றதைத் தூக்க அவர்களுக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது.

மேடம் பாதி தெலுங்கிலும் பாதி எங்கள் தமிழிலுமாகச் சொன்னார். “தேங்காய்க்கு மட்டை உரிக்க ஆள் வச்சோம் சார். உரிச்சதும் அனுப்பி இருக்கணும். நான்தான் அவனை இன்னும் கொஞ்ச நாள் இருன்னு சொன்னேன். அவன் தேங்காயையும் துன்னுட்டான். இருன்னு சொன்னது நான். இவங்க இல்ல.”

குருமாவில் கை வைக்காதவர்கள் அந்தக் கொட்டகையில் யாரும் இல்லை. அவர் நினைத்திருந்தால் அதை எங்கள் எல்லார் மேலும் பங்கு போட்டிருக்கலாம். வேலையாட்கள் வீட்டுக்குக் காளான் எடுத்துப் போனார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாங்கள் வெளியே போயிருப்போம். கல்லூரியில் அவர் வேலையும் அப்போது நிரந்தரம் இல்லை. இந்தக் கொட்டகை போனால் அவருக்கும் போகும் என்று எங்களுக்குத் தெரியும். அத்தனை பேருக்கு முன்னால் ஒருவர் தவறைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டதை நான் என் வாழ்க்கையில் அதற்கு முன் பார்த்ததில்லை.

அப்படியானால் இதை ஏன் இன்னும் நடத்த வேண்டும் என்று வந்தவர்களில் ஒருவர் கேட்டார். அப்போது செயலாளர் முன்னால் வந்தார். சனிக்கிழமைக்குப் பிறகு எங்களிடம் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது எங்களைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ வந்தவர்களிடம், உங்களுக்கு நல்ல நெருப்பைக் காட்டலாம் என்று தொட்டியில் சோற்றைக் கொட்டப் போனது நான்தான், இவர்கள் இரண்டு பேரும் மூடியின் மேல் உட்கார்ந்துகொண்டு என்னைத் தடுத்தார்கள், வேலை போகும் என்று தெரிந்தும் எழுந்திருக்கவில்லை, இப்படிப்பட்டவர்கள் கையில் தொட்டி இருந்தால் நான் அதை நம்புவேன் என்று தெலுங்கில் சொன்னார். கேள்வி கேட்டவர் என்னைப் பார்த்து அப்படியா என்றார். நான் தலையாட்டினேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சங்கராந்தி வரை நேரம் கொடுத்தார்கள். அதற்குள் விறகும் சிலிண்டரும் இல்லாமல் சமையலறை ஓட வேண்டும்.

அந்த நாட்களைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. தொட்டிக்குக் காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி கொடுப்பது போல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போட்டோம். முனியம்மா தினமும் காலையில் ஒவ்வொரு பையாகத் திருப்பிப் பார்ப்பார். எங்காவது மொட்டு தெரிந்தால், “பூக்கறியா நீ, வா உன்ன வச்சிக்கறேன்,” என்று திட்டிக்கொண்டே அந்தப் பையை அப்போதே பிரித்துத் தொட்டிக்கு அனுப்பிவிடுவார். ராஜம்மா புகையில் கண் சிவக்க நின்று சமைத்தார். அவர் நினைத்திருந்தால் டிரஸ்டில் போய், எனக்குச் சிலிண்டர் கொடுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உங்களுக்கு வேலை போகக் கூடாதுன்னுதான் இந்தப் புகையைக் குடிக்கிறேன் என்று எங்களிடம் மட்டும் சொல்லிக் காட்டுவார். மச்சான் அடிக்கடி போன் செய்தார். இடத்தை வேறு ஆளுக்குக் கொடுக்கச் சொல்கிறார்கள் என்றார். சங்கராந்தி வரைக்கும் பொறுங்கள் என்றேன். ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. மரத்தைப் பூசணம் விட்டு மக்க வைக்கிறோம், அதில் அடுப்பு எரிய வேண்டும் என்று விளக்கினேன். நீ சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

கூண்டு கண்ணுக்குத் தெரியாமல் எழுந்தது. நேற்று இருந்ததைவிட உயரமா என்று கேட்டால் சொல்ல முடியாது. போன வாரத்தைவிட உயரம் என்று சொல்லலாம். விறகு மூட்டுவது ஒரு வேளையாகக் குறைந்தது. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் என்று ஆனது.

உங்களுக்கு நான் சொல்ல நினைத்தது இந்த மனிதர்களைப் பற்றித்தான். பூசணம் தன் வேலையைச் செய்யும். எப்போது நிறுத்த வேண்டும் என்று அதற்குத் தெரியாது, அதை நாம் பார்க்க வேண்டும். அதைக் கற்றுக்கொள்ள அதிக நாள் ஆகாது. ஆனால் பழியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்ட ஒருவர், தன் தவறைத் தானே எழுந்து சொன்ன ஒருவர், எனக்கும் இடம் விடு என்று பக்கத்தில் உட்கார்ந்த ஒருவர், வாயால் திட்டிக்கொண்டே புகையைக் குடித்த ஒருவர், இத்தனை பேரும் ஒரே சுவருக்குள் எனக்குக் கிடைத்தார்கள். இன்றைக்கும் இருமல் வந்தால் எனக்கு அவர்கள் நினைவுதான் வருகிறது. மருந்தைக் குடித்துவிட்டு, அந்தக் கொட்டகைக்குப் போகாமல் இருந்திருக்கலாமே என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

மார்கழியில் ஒரு நாள் காலை. நானும் முனியம்மாவும் சில்லு அவித்துக்கொண்டிருந்தோம். சமையலறைப் பக்கமிருந்து ராஜம்மா வேகமாக வந்தார். கையில் ஒரு பெரிய பாத்திரம். அதை எங்கள் முன்னால் சாய்த்துக் காட்டினார். அடியில் கருகருவென்று ஒட்டியிருந்தது.

“இன்னாய்யா இவ்ளோ கேஸு வுடறீங்க? இந்தாண்ட திரும்பி அந்தாண்ட திரும்பறதுக்குள்ள சாம்பார் அடி புட்சிக்கிச்சி. யாரு துன்னுவாங்க இதை?”

முனியம்மா பாத்திரத்தை வாங்கிப் பார்த்தார். விரலால் சுரண்டி முகர்ந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. நெடியினால் என்று சொன்னார். நான் கொட்டகைக்குப் பின்பக்கம் போய் மச்சானுக்குப் போன் போட்டேன். நான் வரவில்லை, அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றேன்.

சங்கராந்திக்கு இன்னும் நாள் இருக்கிறதே, அதற்குள் என்ன ஆச்சு என்று கேட்டார்.

“சாம்பார் தீய்ஞ்சிடுச்சி,” என்றேன்.